கால் வலி அறிந்தவன் சொல்லும் வழி

வானூர் வட்டத்தில் உப்புவேலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் வரும் வேலூர் இதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுவார்கள். கிழக்கே மரக்காணம் அன்றைய எயிற்பட்டினம். திண்டிவனத்தின் கிடங்கால் அன்றைய கிடங்கில். இவையெல்லாம் சேர்ந்த ஓய்மாநாட்டை நல்லியக்கோடன் ஆண்டான். அவனைப் பற்றி இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. எழுதுகிறவர் தம் வாசகரோடு எப்படிப் பேச வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் பாட்டைத்தான்.

ஆற்றுப்படையின் இலக்கணம் எளியது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பெறாமல் வாடி வரும் கலைஞனை வழியில் பார்த்து, இன்ன வள்ளலிடம் இன்ன வழியாகப் போ என்று சொல்வது. தொல்காப்பியம் புறத்திணையியலில் இதை வகுத்துச் சொல்கிறது. அதாவது பாட்டு முழுக்க எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும் பேச்சு. அரசனைப் புகழ வந்த புலவர் அரசனைப் பார்த்துப் பேசவில்லை. பசித்த ஒரு பாணனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவனிடம் பேசுகிறார். அரசன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளலாம். நாமும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பேச்சு பாணனுக்கு உரியது.

அந்தப் பேச்சு உடனே தொடங்கிவிடுவதில்லை என்பதுதான் என்னை மயக்கும் இடம். ஏறத்தாழ 40 அடி வரை புலவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேனில் வெயில். கடம்ப மரத்தின் கோடு கோடான நிழலில் பாணர் கூட்டம் ஒதுங்கியிருக்கிறது. நடந்து நடந்து விறலியரின் பாதம், இளைத்த நாய் தொங்கவிட்ட நாக்கைப் போல ஆகிவிட்டது. கூட வந்த இளைஞர்கள் அந்தச் சிறிய பாதங்களை மெல்லப் பிடித்துவிடுகிறார்கள். இத்தனையும் கண்ட பிறகுதான் ‘இரவலனே’ என்று அழைக்கிறார். கேட்பவரின் கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே வழி சொல்ல வாய் திறக்கிறார்.

அடுத்து வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் வரிசையாகச் சொல்லி, அவையெல்லாம் நல்லியக்கோடனின் கொடைக்கு முன் வறியவை என்கிறார். இந்த இடத்தில் புலவரின் கண் நிழலில் இருப்பவர்களை விட்டு அரசவைப் பக்கம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதற்குள்ளும் ஒரு குரங்கு வருகிறது. உப்பு வணிகரின் வண்டியோடு வந்த அந்த மந்தி, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் சேர்ந்து, முத்தை உள்ளே இட்ட கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. அதற்காகவே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். கடையெழு வள்ளல்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு பேர் சுமந்த கொடைப் பாரத்தை இவன் ஒருவனே சுமக்கிறான் என்று முடிக்கிறார்.

பாட்டின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. வழி சொல்லும் பாணன் தன் வீட்டு அடுக்களையைத் திறந்து காட்டுகிறான். கண் திறக்காத, காது மடிந்த குட்டிகள் மடியைப் பற்றி இழுக்கின்றன. பால் இல்லாத தாய்நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. கூரைக் கழிகள் விழுகின்றன, பழஞ்சுவரைக் கறையான் அரித்துவிட்டது, புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய அவன் மனைவி குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கி, கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறார்கள்.

வீட்டில் சாத்திய கதவை வழியில் கண்ட பாணனுக்கு முன்னால் திறக்கிறான். ஊராருக்குத் தெரியக்கூடாதென்று மறைத்ததை இவனிடம் மட்டும் சொல்கிறான். இவனுக்கும் அதே கதவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இதைச் சொன்ன பிறகு அவன் சொல்லும் வழியை நம்பாமல் இருக்க முடியாது. மரக்காணத்தில் இன்று உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளுத்துக் கிடக்கின்றன. அந்தக் கடற்கரைக்கு வழி சொல்கிறவன் வீட்டில்தான் கீரைக்கு உப்பில்லை.

வழியெங்கும் சாப்பாடு. எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் படுத்துறங்கும் ஒட்டகங்கள்போலக் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கிப் பரதவப் பெண்கள் காய்ச்சிய தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். ஆமூரில் உலக்கையால் குற்றிய வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கலவையும் உண்டு. கடைசியில் அரண்மனையில், வீமன் செய்த சமையல் நூல் வழுவாத பலவகை உணவைப் பொன்கலத்தில் இட்டு அரசன் தானே நின்று ஊட்டுவான். கேட்கிறவன் பசித்தவன் என்பதைப் புலவர் ஓரடியிலும் மறக்கவில்லை.

ஏட்டில் இருந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் உ.வே.சாமிநாதையர் அச்சிட்டார். நச்சினார்க்கினியர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எட்டி எட்டி இருக்கும் அடிகளைக் கூட்டிப் பொருள் சொல்லும்போது பாட்டு நடந்து வந்த நடை கலைந்துவிடுகிறது. ஆனால் வேலூர் வந்ததும் அவர் நின்று ஒரு கதை சொல்கிறார். பகைவருக்கு அஞ்சிய நல்லியக்கோடன் முருகனை வழிபட, கனவில் வந்த முருகன் கேணியில் பூத்த பூவை வாங்கிப் பகைவர் மேல் எறியச் சொன்னான். அந்தப் பூவே வேலாயிற்று. வாசகர் ‘வேலூர்’ என்ற பெயரில் இடறி நிற்பார் என்று உரையாசிரியர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த அக்கறைக்காக மற்றதை மறக்கலாம்.

இதே மண்ணின் எல்லையில் இன்னொன்றும் நடந்தது. 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி அங்கிருந்து ‘இந்தியா’ இதழை நடத்தினார். வானூர்ப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. இதழ் அந்த எல்லைக்குள் நுழையக்கூடாது என்று தடை வந்தது. 1910-இல் இதழ் நின்றது. வாசகர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள், வழிதான் அடைபட்டது. ஒரு பத்திரிகைக்காரருக்கு இதைவிடப் பெரிய துயரம் இருந்திருக்க முடியாது. பின்னாளில் அதே புதுச்சேரிக்குக் குடிவந்த கி.ராஜநாராயணன், 2021-இல் மறையும் வரை, எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டே எழுதினார். அவர் கதைகளைக் காதால் படிக்க வேண்டும்.

ஆற்றுப்படையின் முடிவு நுட்பமானது. கடைசிச் சொல் ‘போனால்’ என்ற பொருளில் நிற்கிறது. நல்லியக்கோடனை விரும்பிப் போனால் இத்தனையும் பெறுவீர்கள். பாணர் கூட்டம் எழுந்து போனதா என்று புலவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, போவதும் போகாததும் உங்கள் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். கேட்பவர் மேல் இவ்வளவு மதிப்பு வைத்த பேச்சு தமிழில் அதிகமில்லை.

வேலூர்ப் பகுதி சில அடிகள்தான். அவரை பவழம் கோக்கிறது, காயா மயில் கழுத்தாய் மலர்கிறது, காந்தள் விரல் விரிக்கிறது, கொல்லைப் பாதையில் சிவந்த தம்பலப்பூச்சி ஊர்கிறது. வெயிலில் வெந்த குடிசைகளில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் தயாராக இருக்கின்றன. உப்புவேலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இந்த அடிகளைப் பதம் பிரித்துக் கொடுத்து, வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். உரை பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரைப் பந்தலும் முதல் மழைக்கு ஊரும் தம்பலப்பூச்சியும் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல.