அடங்கியது எந்த ஊர்?

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு தொலைக்காட்சியில் பிரதமர் பேசி முடித்த சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் பூட்டப்பட்டது. தமிழ்ப் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் ‘ஊரடங்கு’. இந்தச் சொல் எங்களுக்குப் புதுசு இல்லை. 1995இல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்த காலத்திலும், அதற்குப் பின்னால் தென்மாவட்டங்களில் கலவரம் ஓயாமல் நடந்த வருஷங்களிலும், 144 என்றால் என்ன, ஊரடங்கு என்றால் என்ன என்பது எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆவன்னாவுக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் இந்தத் தடவை அந்தச் சொல்லை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அடங்கியது எந்த ஊர்? ராதாபுரம் வட்டாரத்தில் ‘ஊர்’ என்றால் ஊர்தான். எங்கள் தெரு அதில் சேர்த்தி இல்லை. ஊருக்குள் போறேன், ஊருக்குள்ள கூப்பிட்டாவ என்றுதான் எங்கள் அம்மாமார் இன்றைக்கும் பேசுகிறார்கள். அடங்கிய ஊருக்கு வெளியே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை எந்த எழுத்து சொல்லியது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அடுத்த சொல் ‘சமூக இடைவெளி’. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே இந்தச் சொல் சரியில்லை, உடல் அளவிலான இடைவெளி என்று சொல்லுங்கள், மனிதர்கள் ஒருவருக்கொருவர் தொடர்போடு இருப்பது அவசியம் என்று திருத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் ‘சமூக இடைவெளி’ மறையாமல் நின்றது. மறையாததற்குக் காரணம் உண்டு. சமூக இடைவெளியை இந்த மண் நூற்றாண்டுக் கணக்கில் கடைப்பிடித்து வந்திருக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர், குளத்தில் தனிப் படித்துறை, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை. ‘பாத்தீங்களா, அந்தக் காலத்திலேயே நம்ம பெரியவங்க தொடாம வணக்கம் சொன்னாங்க’ என்று அந்த நாட்களில் பெருமையாகப் பரப்பினார்களே, நினைவிருக்கிறதா தோழர்களே? தீண்டாமைக்கு சுகாதாரச் சான்றிதழ் கொடுத்த எழுத்து அது.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் அடித்து விரட்டியபோது தமிழ் எழுத்துலகம் பதறியது. பதறியது நியாயம்தான். ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் ‘இப்படியும் நடக்குமா’ என்று கேட்டார்கள். அதற்கு எட்டு மாதம் முன்னால், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கத்தில் சுடுகாட்டுக்குப் பாதை விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படத்தை இவர்களும் பார்த்தவர்கள்தான். பிணத்துக்கு இடம் மறுப்பதைக் கொரோனா கொண்டு வந்த புதுக் கொடுமையாக எழுத முடிகிறது என்றால், எழுதுகிறவன் எங்கே நின்று எழுதுகிறான் என்பது விளங்குகிறது.

இனி ஊரடங்கு எழுத்துக்கு வருவோம். 2020க்குப் பிறகு தமிழில் வந்த கட்டுரை, கவிதை, நாட்குறிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு ஒரே சாயல். வீட்டுக்குள் இருக்கிற மனிதன், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்த குருவி, பல வருஷமாகப் படிக்காமல் வைத்திருந்த புத்தகம், மகளோடு பேசக் கிடைத்த நேரம், அமைதி, சுய விசாரணை. இதை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எழுதியவர்கள் வாழ்ந்தது அது. ஆனால் இந்த எழுத்து ஒன்றை யோசிக்காமலேயே எடுத்துக்கொள்கிறது: எல்லாருக்கும் உள்ளே இருக்க ஒரு ‘உள்’ இருக்கிறது என்று. ஒரே அறையில் ஏழு பேர் கிடக்கிற தொகுப்பு வீட்டில் தனிமை எங்கிருந்து வரும்? வேம்படியிலும் ஓடைக்கரையிலும் பகலைக் கழித்த எங்கள் ஆட்களை ‘ஊரடங்கை மீறியவர்கள்’ என்று லத்தியால் அடித்தார்கள். சாத்தான்குளம் எங்களுக்குத் தூரம் இல்லை. 2020 ஜூனில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். கடை வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி.

இரண்டாவது வகை நிவாரண எழுத்து. அரிசி மூட்டை, கொடுப்பவர் பெயர் போட்ட பதாகை, நடுவில் ஒரு கிழவி, அவள் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லும் கேமரா. பிறகு வந்த சிறப்பு மலர்களும் நினைவுக் கட்டுரைகளும் இந்தப் புகைப்படத்தின் உரைநடை வடிவங்களே. கொடுத்தவருக்குப் பெயர், பட்டம், பொறுப்பு எல்லாம் உண்டு. வாங்கியவருக்குப் பெயர் ‘பயனாளி’. இதே காலத்தில்தான், 2020இல், துப்புரவுப் பணியாளர் இனி ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசு அறிவித்தது. மே 3ஆம் தேதி மருத்துவமனைகள் மேல் விமானப்படை பூத் தூவியது. முன்களப் போராளி என்று மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சிக் கட்டிடத்துக்கு முன்னால், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 13 நாள் உட்கார்ந்திருந்த அதே பணியாளர்களை நள்ளிரவில் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பெயர் மாறியது, வேலை மாறவில்லை, வேலைக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உத்தரவாதமும் போனது. நிவாரண எழுத்தில் இந்த இரண்டாவது காட்சிக்கு இடமே கிடையாது. ஏனென்றால் அது கை நீட்டி வாங்குகிறவரை மட்டும்தான் படம் பிடிக்கும், கை ஓங்கிக் கேட்கிறவரை அல்ல.

திருநெல்வேலிச் சீமையை எழுதிய எழுத்து, போனவர்களை எழுதிய எழுத்து. புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’யில் வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார். அந்தக் கதையில் எங்கள் மக்களைப் பார்க்கிற பார்வை பற்றி எங்களுக்குச் சண்டை உண்டு. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பாடத்திலிருந்து எடுத்தபோது நடந்த விவாதத்தை வாசகர்கள் அறிவார்கள். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலில், திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் கங்காணி பேச்சை நம்பி ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். அங்கே காய்ச்சலும் கடனும் அவர்களைத் தின்கின்றன. 2018இல் வந்த ‘காலா’ படம் தாராவிக்குப் போய்ச் சேர்ந்த நெல்லைக்காரர்களைக் காட்டியது. தோட்டம், பம்பாய், வளைகுடா என்று போன கதைகளுக்குக் குறைவில்லை.

திரும்பி வந்த கதைதான் இல்லை. 2020 மே மாதம் நடந்தது திரும்பி வருதல். மகாராஷ்டிரத்திலிருந்து வாகனம் பிடித்தும் ரயில் ஏறியும் வந்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை ஏறியதும் ‘மும்பைக்காரவிய கொண்டாந்த சீக்கு’ என்று ஊர் பேசியது. மூன்று தலைமுறைக்கு முன்னால் பஞ்சத்துக்கும் சாதிக்கும் பயந்து ஓடினவர்களின் பேரப்பிள்ளைகள், அவிய. அதே மே மாதம் கூடங்குளம் அணு உலைக் கட்டுமானத்தில் இருந்த வடமாநிலத் தொழிலாளிகள், எங்களை ஊருக்கு அனுப்பு என்று கூடி நின்றார்கள். எங்கள் ஆள் தாராவியிலிருந்து இங்கே வர வழி தேட, அவன் எங்கள் வட்டத்திலிருந்து பீகாருக்குப் போக வழி தேடினான். ஒரே வட்டத்துக்குள் இரண்டும் நடந்தது. இதை எழுத ஒரு ‘துன்பக்கேணி’ போதாது.

எங்கள் தெருவுக்கு வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பதினான்கு நாள். அதிகாரிகள் வந்தார்கள், தகரம் அடித்தார்கள், போனார்கள். முதல் இரண்டு நாள் சாப்பாடு வரவில்லை. எங்கள் சித்தி சொன்னது இது: ‘புள்ளைய பசிச்சு அழுவுது, சன்னல் வழியா சத்தம் கேக்கு. நம்ம வீட்ல ரேசன் அரிசிதான் கெடந்துச்சு. பொங்கிக் கொண்டு போயி வாசல்ல வச்சிட்டு வந்தேன். மறுநாளு பாத்தா எனக்கு முன்னால மூணு சட்டி இருக்கு.’ இந்த மூன்று சட்டியை யாரும் படம் எடுக்கவில்லை. அந்த மாதம் அரிசி அட்டைக்கு அரசு கொடுத்தது அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய். மும்பையிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே அட்டை கிடையாது. எந்த மாநில அட்டையையும் எங்கேயும் காட்டலாம் என்கிற ஏற்பாடு தமிழ்நாட்டில் முழுதாக வந்தது 2020 அக்டோபரில்தான். ஆக, ஒரு குடும்பத்து அரிசியில் இரண்டு குடும்பம் சாப்பிட்டது.

பதினான்கு நாள் கழிந்த பிறகுதான் மீட்சி என்பது ஆரம்பம். பதனீர் இறக்கும் காலம் பாதிக்கு மேல் போயிருந்தது. நின்றுபோன நூறு நாள் வேலை திரும்பத் தொடங்கியிருந்தது. அப்போது தமிழ்நாட்டில் நாள் கூலி 256 ரூபாய் என்று ஏட்டில். கையில் வந்தது அளவு பார்த்து அதைவிடக் குறைவு. தவணையை ஆகஸ்டு 31 வரை தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. குழுக்கடன் வசூலுக்கு வந்தவருக்கு அது தெரியாதது போலவே இருந்தது, வாசலில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் அண்டா, குடத்தை அடகு வைத்தார்கள், சீட்டுப் பணத்தை ஏலம் விடாமல் முறை வைத்து எடுத்துக்கொண்டார்கள், கைமாத்து கொடுத்தார்கள். 2021இல் புதிய அரசு நான்காயிரம் ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தபோது அதில் பாதி பழைய கைமாத்துக்குப் போனது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வர 2025 ஆயிற்று. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த பதினெட்டு மாதத்துக்கு மேலான காலத்தில், கல்லூரி படித்த எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் கோயில் திண்ணையில் சின்னதுகளை உட்கார வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் வந்தபோது எங்கள் தெருவில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, சம்பளம் இல்லாமல்.

இவ்வளவையும் ‘சமூக ஆதரவு’ என்று ஒரு சொல்லில் போட்டு முடிக்கலாம். அறிக்கைகள் அப்படித்தான் முடிக்கின்றன. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. எங்கள் பக்கம் சமூகம் என்றாலும் சமுதாயம் என்றாலும் சாதி என்றுதான் அர்த்தம். ‘நீங்க எந்த சமுதாயம்?’ என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஊரடங்கில் நடந்த உதவியும் பெருமளவு இப்படித்தான் ஓடியது. அவரவர் சமுதாயம் அவரவர் தெருவுக்கு மூட்டை இறக்கியது. யாரிடம் நிலமும் கடையும் வெளிநாட்டுப் பணமும் இருந்ததோ அந்த சமுதாயத்தின் ஏழைக்குப் பத்து கிலோ. இல்லாத சமுதாயத்தின் ஏழைக்கு அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. பேரிடர் எல்லாரையும் சமமாக்கியது என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

பார்க்காததில் நானும் ஒருத்தன். இதைச் சொல்லாமல் மற்றவர்களை விமர்சிக்க எனக்கு யோக்கியதை இல்லை. வெளியிலிருந்து தோழர்கள் நாற்பது பை மளிகை கொண்டு வந்தபோது எங்கள் தெருவுக்குப் பட்டியல் எழுதியது நான். அட்டை இல்லாதவர், விதவை, கைப்பிள்ளைக்காரி என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். நாற்பது பெயர் சரியாக வந்தது. தெருவின் கடைசியில், ஓடைக்கு அந்தப் பக்கம், பஞ்சாயத்தில் துப்புரவு வேலை செய்கிற அருந்ததியர் குடும்பங்கள் இரண்டு. அவர்கள் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. நினைவுக்கே வரவில்லை. அதுதான் கேவலம். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆட்கள் அடைபட்டுக் கிடந்த பதினான்கு நாளும் அந்தக் கக்கூஸைக் கழுவியது அந்த வீட்டு அம்மாதான். கையுறை இல்லாமல், தாவணித் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு. பிறகு ஒரு நாள் பட்டியலைப் பற்றி அவரிடம் பேசப் போனேன். ‘அதுக்கென்ன தம்பி, எங்கள எழுதணும்னு எங்கயும் இருக்கா?’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாம் ஆதிக்க எழுத்தில் எதைக் குற்றம் சொல்கிறோமோ அது நம் பட்டியலுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. தலித் என்கிற சொல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் என்று மேடையில் பேசுகிறோம். நாற்பது பைக்குப் பெயர் எழுதும்போது அந்தச் சொல் எங்கே போனது? நம் இலக்கியமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் கதைகளில் ஊர் உண்டு, சேரி உண்டு. சேரிக்கு அந்தப் பக்கம் ஓடை தாண்டி இருக்கிற வீடு எத்தனை கதையில் உண்டு?

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஊரடங்கைப் பற்றிக் கவிதை எழுதுமுன் உங்கள் தெருவில் அன்றைக்கு எழுதிய பட்டியல்களைத் தேடி எடுங்கள். பழைய நோட்டு, சீட்டுக் கணக்கு, அடகுச் சீட்டு, கைமாத்துக் குறிப்பு எல்லாம் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது திரும்பி வந்தது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்டு எழுதுங்கள். பேசுகிறவர் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இதுதான் நம் மீட்சியின் ஆவணம், இதை அரசும் எழுதாது, சிறப்பு மலரும் போடாது. சித்தியின் சட்டியிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஓடையைத் தாண்டிப் போய் அந்த இரண்டு வீட்டிலும் கேளுங்கள். நான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லவில்லை.