வீட்டுமொழியும் பொதுமொழியும்: ரிச்சர்ட் ரோட்ரிகஸின் தன்வரலாற்றில் கல்வியும் அடையாளமும்

ஆய்வுச்சுருக்கம்

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகனான ரிச்சர்ட் ரோட்ரிகஸ், 'நினைவின் பசி' எனப் பொருள்படும் 'ஹங்கர் ஆஃப் மெமரி' என்னும் தன்வரலாற்றை 1982இல் வெளியிட்டார். குடியேறிய குடும்பத்துக் குழந்தை பொதுவாழ்வில் இடம்பெற வேண்டுமாயின் வீட்டுமொழியின் நெருக்கத்தை விலையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்நூலின் வாதம். நூல் பதிவுசெய்யும் நிகழ்ச்சிகளே இவ்வாதத்தோடு முரண்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, இருமொழிக் கல்வி, புலம்பெயர்வு, வீட்டுமொழி, அகம், புறம்

முன்னுரை

1944இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ரோட்ரிகஸ், கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் வளர்ந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆங்கிலச் சொற்களை மட்டுமே அறிந்த நிலையில் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் சேர்ந்த அவர், பின்னாளில் ஆங்கில மறுமலர்ச்சிக் கால இலக்கியத்தில் ஆய்வு மேற்கொள்ளும் நிலையை அடைந்தார். அந்தப் பயணத்தையே நூலின் இயல்கள் பேசுகின்றன.

நூல் வெளிவந்த காலச் சூழல் கருதத்தக்கது. இருமொழிக் கல்விச் சட்டம் அமெரிக்காவில் 1968இல் நிறைவேறியது. ஆங்கிலம் அறியாத மாணவர்க்கு மொழி உதவி அளிக்காமை சமவாய்ப்பு மறுப்பாகும் என, சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. இக்கொள்கைக்கு எதிராக, அதனால் பயன்பெறக்கூடிய சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே எழுதியமையால், இருமொழிக் கல்வியை எதிர்த்தோர் இந்நூலைப் பெரிதும் எடுத்தாண்டனர்.

பள்ளியின் வேண்டுகோள்

நூலின் மையநிகழ்ச்சி எளிமையானது. வகுப்பில் வாய்திறவாதிருந்த சிறுவனின் வீட்டிற்கு ஒரு சனிக்கிழமை அருட்சகோதரியர் மூவர் வருகின்றனர்; பிள்ளைகளுடன் ஆங்கிலத்தில் பேசுமாறு பெற்றோரை வேண்டுகின்றனர். பெற்றோர் உடனே இணங்குகின்றனர். பின்னொரு நாள் சமையலறையில் ஸ்பானிய மொழியில் உரையாடிக்கொண்டிருந்த இருவரும், மகனைக் கண்டதும் ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். அந்த ஒலிமாற்றம் அவனை வெளியே தள்ளுகிறது. அதன் பிறகே அவன் ஆங்கிலம் கற்பதில் உறுதி கொள்கிறான்.

விளைவுகளை ரோட்ரிகஸ் மறைக்கவில்லை. வீட்டில் அமைதி சூழ்கிறது. ஸ்பானிய மொழியில் உறவினரோடு சரளமாகப் பேசும் தந்தை, ஆங்கிலத்தில் சொல்லற்றவராகிறார். பெற்றோரை எச்சொல்லால் விளிப்பது என்பதுகூடப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பழைய விளிச்சொற்கள் இழந்ததை நினைவூட்டுகின்றன. ஆங்கில விளிச்சொற்கள் பொருந்தவில்லை.

இந்த இழப்பைக் கல்வியின் தவிர்க்கவியலாத விளைவாக ரோட்ரிகஸ் கொள்கிறார். ஆனால் நிகழ்ச்சியின் வரிசை வேறொன்றைக் காட்டுகிறது. ஆங்கிலம் கற்றதனால் வீடு அமைதியடையவில்லை. வீட்டின் மொழியைப் பெற்றோர் கைவிட்டதனால் அமைதியடைந்தது. பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தல் ஒரு செயல். வீட்டில் பெற்றோர் பேசும் மொழியை மாற்றுதல் மற்றொரு செயல். முன்னதன் தேவையைப் பின்னதற்கான நியாயமாக நூல் கொள்கிறது. அதன் வாதத்தில் உள்ள முதன்மையான இடைவெளி இதுவே.

ஹாகர்ட்டின் மாணவன்

ரிச்சர்ட் ஹாகர்ட் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்திலிருந்து உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவனின் மனநிலையை வரைந்திருந்தார். அதில் தம்மையே கண்டதாக ரோட்ரிகஸ் எழுதுகிறார். வீட்டிற்கும் வகுப்பறைக்கும் இடையே ஊசலாடி, ஆசிரியரைப் போற்றி, பெற்றோரை எண்ணி நாணி, பின்னர் அந்நாணத்திற்காக வருந்தும் மாணவன் அவன்.

இந்த ஒப்பீடு ரோட்ரிகஸின் மொழிவாதத்திற்கு உதவவில்லை. ஹாகர்ட் காட்டும் மாணவனின் வீட்டிலும் பள்ளியிலும் வழங்குவது ஆங்கிலமே. மொழி மாறாமலேயே அவன் அந்நியமாகிறான் எனில், அந்நியமாதலின் வேர் வர்க்க மாற்றத்திலும் கல்வி முறையிலும் உள்ளது. வீட்டுமொழியைக் காத்திருந்தால் மட்டும் ரோட்ரிகஸின் துயரம் நீங்கியிருக்கும் என்று கூறவியலாது. அவ்வாறே, அம்மொழியைத் துறந்தது கல்விக்கு இன்றியமையாததாக இருந்தது என்றும் கூறவியலாது.

இலத்தீனும் ஸ்பானிய மொழியும்

வீடு, பொதுவெளி என்னும் இருமையில் அடங்காத மூன்றாவது மொழி ஒன்று நூலில் உண்டு. அது கத்தோலிக்கத் திருப்பலியின் இலத்தீன். சமயம் பற்றிய இயலில், திருச்சபை தம் தனிவாழ்வையும் பொதுவாழ்வையும் இணைத்தது என்கிறார் ரோட்ரிகஸ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு ஆங்கிலத்திற்கு மாறியதையும், 'நம்புகிறேன்' என்பது 'நம்புகிறோம்' என ஆனதையும் இழப்புணர்வோடு பதிவுசெய்கிறார். வழிபாட்டில் பழைய மொழி மறைந்ததற்கு வருந்தும் அவர், வீட்டில் பழைய மொழி மறைந்ததை வளர்ச்சியின் விலை என ஏற்கிறார். இம்முரண் நூலில் ஆராயப்படவில்லை.

மேலும், ஸ்பானிய மொழி இயல்பிலேயே தனிமொழி அன்று. கலிபோர்னியா 1848 வரை மெக்சிகோவிற்கு உரியதாக இருந்தது. 1849ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு, சட்டங்கள் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என விதித்தது. 1879ஆம் ஆண்டின் அரசமைப்பில் அவ்விதி இடம்பெறவில்லை. சாக்ரமெண்டோ என்னும் நகரப் பெயரே ஸ்பானியச் சொல். அம்மொழி வீட்டிற்குள் ஒடுங்கியது வரலாற்றின் விளைவு. குழந்தைப் பருவத்து அனுபவத்தை மொழியின் இயல்பாகப் பொதுமைப்படுத்தியதால் இவ்வரலாறு நூலின் வாதத்தில் இடம்பெறாது போயிற்று.

பாட்டியின் குரலும் அகமரபும்

ஸ்பானிய மொழி மட்டுமே பேசிய பாட்டி, சன்னலிலிருந்து பெயரனை அழைத்து ஏதோ கூறுகிறார். உடனிருந்த நண்பன் அதன் பொருளைக் கேட்க, ரோட்ரிகஸால் சொல்ல முடியவில்லை. சொற்களுக்குப் பொருள் தெரியும். ஆனால் பாட்டி கூறியது அச்சொற்களில் இல்லை. இதிலிருந்து, நெருக்கம் மனிதர்களால் உருவாவது, குறிப்பிட்ட மொழியால் அன்று என்னும் முடிவிற்கு அவர் வருகிறார். நூலின் ஆழமான கருத்து இது. ஆயினும் இக்கருத்து உண்மையாயின், ஸ்பானிய மொழி நெருக்கத்தின் மொழி, அதனால் அது பள்ளிக்கு உரியதன்று என்னும் அடிப்படை வாதம் தளர்ந்துவிடுகிறது.

தமிழ்க் கவிதையியல் இங்கு ஓர் ஒப்பீட்டிற்கு உதவும். அகத்தையும் புறத்தையும் பொருளால் வேறுபடுத்திய சங்க மரபு, மொழியால் வேறுபடுத்தவில்லை. அகத்திணைத் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டாமை முதலிய மரபுகள் நெருக்கத்தின் எல்லையைக் காத்தன. பாரியின் புகழைப் பாடிய கபிலரே குறிஞ்சிப்பாட்டையும் பாடினார். ஒரே மொழி இருவாழ்வையும் தாங்க இயலும் என்பதற்கு இது சான்று. அந்தரங்கத்தையும் பொதுவாழ்வையும் இரு மொழிகளுக்குப் பங்கிடுவது மானுட நியதி அன்று. குடியேற்றச் சூழலில் ஏற்படும் ஒரு நிலைமை.

முடிவுரை

பொதுமொழியில் நம்பிக்கையோடு பேசும் உரிமை குடியேறிய குழந்தைக்கு வேண்டும் என்னும் ரோட்ரிகஸின் வற்புறுத்தல் ஏற்கத்தக்கது. அவ்வுரிமைக்காக வீட்டுமொழியைக் கைவிட வேண்டும் என்னும் முடிவிற்கு அவர் தரும் சான்றுகள் போதியனவாக இல்லை. கலிபோர்னிய வாக்காளர் 1998இல் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தி, 2016இல் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். வினா இன்றும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது அடையாளம்.

டொராண்டோவிலும் இலண்டனிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இது அயலாரின் வினா அன்று. வீட்டில் எம்மொழியில் பேசுவது என்பதில் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கூறும் ஓர் அறிவுரை, ஒரு தலைமுறையின் உரையாடலையே மாற்றிவிடக்கூடும். நூலின் இறுதியில், கிறித்துமசு விருந்து முடிந்தபின் தந்தை மகனிடம், நீயும் வீட்டிற்குப் புறப்படுகிறாயா எனக் கேட்கிறார். அன்று மாலை முழுவதும் அவர் மகனிடம் பேசியது அது ஒன்றே. வாதத்தை எழுதிய ரோட்ரிகஸைக் காட்டிலும் இக்காட்சியை எழுதிய ரோட்ரிகஸே நம்பத்தக்க சாட்சி.