பேட்டையைத் தொலைத்த படம்

திரைக்கதைப் பயிற்சி வகுப்புகளில் ராபர்ட் டவுனின் ‘சைனாடவுன்’ (1974) குறையே காணமுடியாத எழுத்தாக வைக்கப்படுவதும், 11 ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதை ஒன்றே வென்றது அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் வழக்கமாகிவிட்டன. 1940களின் குற்றப்படங்களுக்குரிய இருளையும் அவநம்பிக்கையையும் வண்ணத்திரையில் மீட்டெடுத்த நியோ-நுவார் வகையில் அதன் இடம் உறுதியானது. துப்பறிவாளன் கிட்டிஸ் அறிந்ததற்குமேல் பார்வையாளர் எதையும் அறியாதபடி இயக்குநர் போலன்ஸ்கி காட்சிகளை அமைத்ததும், நாயகி எவ்லின் மல்ரே உயிர்பிழைக்கும் டவுனின் முடிவை மாற்றியதும் படத்தை உயர்த்தின (அம்மாற்றத்தை எதிர்த்தவருக்கே விருது போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை).

ஆனால், தலைப்பு ஓர் இடத்தையன்று, மனிதனின் கையறுநிலையையே குறிக்கிறது என்று கூறி, படத்தில் சீனர் வரும் விதத்தை நியாயப்படுத்தும் வாதம் ஏற்கத்தக்கதன்று. ஓர் இடத்தைக் குறியீடாக்க வேண்டுமெனில் முதலில் அது இடமாக இருந்தாக வேண்டும். இப்படத்திலோ சைனாடவுன் என்ற சீனர் பேட்டை இறுதிக்காட்சியில்தான் கண்ணில் படுகிறது, அதுவரை கிட்டிஸின் கசந்த நினைவாக மட்டுமே பேசப்படுகிறது. மல்ரே வீட்டுக் குளத்தருகே கிழக்காசியத் தோட்டக்காரர் புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ என்ற சொல்லைக் ‘கிளாஸ்’ என உச்சரிக்க, கிட்டிஸ் அதை எள்ளலோடு திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறான். பின்னர் அதே குளத்து உப்புநீரிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுக்கப்படும்போது அந்த உச்சரிப்பே துப்பாகிவிடுகிறது. வகுப்புகள் வியக்கும் நுட்பம் இதுதான். ஒரு மனிதரின் நாக்குப் பிசகைக் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டு, அம்மனிதரைக் குளக்கரையிலேயே விட்டுவிடும் நுட்பம்.

இதைவிடப் பெரிய குருட்டுத்தனம் வரலாற்றில் இருக்கிறது. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திருப்பிய நிகழ்வைத் தழுவி, நீரும் நிலமும் சூழ்ச்சியால் கைமாறும் கதையை டவுன் 1937இல் வைத்தார். யூனியன் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்துக்காகப் பழைய சைனாடவுனின் பெரும்பகுதி அதற்குள் இடிக்கப்பட்டிருந்தது. புதிய சைனாடவுன் 1938இல்தான் திறக்கப்பட்டது. நிலத்தைப் பறிப்பது பற்றிய படம், தன் தலைப்பிலுள்ள நிலமே பறிபோனதைக் காணவில்லை. வீடிழந்தவர்களின் பேட்டை, வெள்ளைக்காரத் துப்பறிவாளன் ஒருவனின் மனக்காயத்துக்குப் பெயராகிறது. இறுதிக்காட்சியில் அப்பேட்டைவாசிகளுக்கு வாய்த்த பங்கோ, கூடிநின்று பார்ப்பதும், காவலர் அதட்டினால் நடைபாதைக்கு ஒதுங்குவதும் மட்டுமே.