தபால் பெட்டிக்கு எந்தப் பூட்டு? மங்களூர் தூசியில் ஒரு சோதனை

விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி வட்டாரத்தில் ஒரு மங்களூர் இருக்கிறது. கர்நாடகக் கடற்கரையில் இன்னொரு மங்களூர். பெயர் ஒன்றாக இருந்தும் கடிதங்கள் ஊர் மாறிப் போகாமல் காப்பது, 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்கப் பின்கோடு. நம் மங்களூரின் எண் 6-இல் தொடங்கும். கர்நாடகத்து மங்களூரின் எண் 5-இல். நாட்டின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் கடிதம் சரியான வாசலுக்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு அது மாட்டிக்கொள்ளும் இடம், வீட்டுச் சுவரில் தொங்கும் தகரப் பெட்டியின் திறக்காத பூட்டு.

இந்தக் காலத்தில் தபால் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலைத் தபால்காரர் கையொப்பம் வாங்கிக்கொண்டு கையில் கொடுத்துவிடுவார். ஆனால் ஆதார் கடிதம் சாதாரணத் தபாலில் வருவது. அதற்குக் கையொப்பமும் இல்லை, சாட்சியும் இல்லை. பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் அச்சான தாள், கதவு தொங்கும் பெட்டிக்குள் நாள்கணக்கில் கிடப்பது நல்லதல்ல.

பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ‘கேம் லாக்’. மேசை இழுப்பறைக்கும் இரும்பு அலமாரிக்கும் இதே வகைதான் என்பதால், ஹார்டுவேர் கடையில் ‘டிராயர் லாக்’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு உருளை; அதற்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள்; ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்க ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் துருத்திக்கொண்டு உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். சரியான சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு அடங்கும், உருளை சுழலும், பின்னாலுள்ள இரும்பு நாக்கு விலகும். மலிவு ரகங்களில் சாவி வகைகள் குறைவு. ஒரே கடையில் வாங்கிய இரண்டு பூட்டுகளை ஒரே சாவி திறந்தால் வியப்பதற்கில்லை.

இந்த வட்டாரத்தில் அந்தப் பூட்டுக்கு முதல் எதிரி திருடனல்ல, தூசிதான். விருத்தாசலம் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையைச் சுற்றிய தெருக்களில் களிமண் தூள் மாவாகப் படிகிறது. மங்களூர்ப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் உமித் தூசி. பூட்டு இறுகியதும் பலரும் முதலில் செய்வது தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஊற்றுவது. அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். பிறகு எண்ணெயில் தூசி ஒட்டி, குழைந்து, தகடுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாவி முழுதாக உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்தக் குழம்புதான்.

அப்படி இறுகிய பூட்டை உடனே தூக்கி எறிய வேண்டாம். மின் இணைப்புகளைத் துடைக்கப் பயன்படுத்தும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைச் சாவித் துளைக்குள் அடித்து, சாவியை நுழைத்து எடுத்து, வரும் அழுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தால் பல பூட்டுகள் மீள்கின்றன. நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் சிறிதளவு போதும். அது கிடைக்காவிட்டால் சாவியின் மேல் பென்சிலைத் தேய்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பென்சிலின் கரிக்குச்சி வெறும் கிராஃபைட் அல்ல. 1795-இல் பிரான்ஸின் கான்டே காப்புரிமை பெற்ற முறைப்படி அது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. களிமண் குறைவான 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலே இதற்கு ஏற்றது. களிமண்ணால் இறுகிய பூட்டுக்கு இன்னும் களிமண் ஊட்டுவதில் பயனில்லை.

நாக்கு துருப்பிடித்து இளைத்திருந்தாலோ, உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலோ மாற்றுவதுதான் வழி. வேலை எளிது. கதவின் உட்புறம் நாக்கைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, பின்னாலுள்ள நட்டையோ லாட வடிவக் கிளிப்பையோ எடுத்தால் பூட்டு முன்பக்கமாக வந்துவிடும். கடையில் நின்று விழிக்க வைப்பது அளவுகள்தான். துளையின் குறுக்களவு, உருளையின் நீளம், துளை மையத்திலிருந்து நாக்கு முனை வரையிலான தூரம், நாக்கு நேரா வளைந்ததா: இந்த நான்கும் தெரிந்தால் போதும். பழைய பூட்டையே கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. பரவலான துளை 19 மி.மீ.; இருபுறமும் தட்டையாக்கப்பட்டு அந்தப் பக்கம் 16 மி.மீ. இருக்கும். இந்தத் தட்டை முக்கியம். முழு வட்டமாகத் துளைத்த கதவில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும், சாவியைத் திருப்பும்போது பூட்டே சேர்ந்து சுற்றும்.

இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்டவை மூன்று: சாதாரண கேம் லாக், மூன்று இலக்க நம்பர் லாக், திண்டுக்கல் பூட்டு.

நம்பர் லாக்கும் அதே 19 மி.மீ. துளையில் உட்காரும் ரகங்களில் கிடைக்கிறது. சாவி தொலையும் பேச்சே இல்லை. வீட்டில் எல்லோரும் திறக்கலாம். குறையும் தெளிவு. மூன்று இலக்கத்தில் மொத்தம் 1000 சேர்க்கைகள். ஒன்றுக்கு ஐந்து நொடி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். தெருவைப் பார்த்த பெட்டியில் அதற்கு யாரும் துணிவது அரிது என்பது உண்மைதான். ஆனால் சக்கரங்களுக்கு நடுவே தூசி புகுந்தால் எண் பாதியில் நின்றுவிடுகிறது. சிறிய எண்கள் முதிய கண்களுக்குப் புலப்படுவதுமில்லை. நிழலான மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு இது சரி. மண் சாலையோரத்துக்கு வேண்டாம்.

திண்டுக்கல் பூட்டின் கதை வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலை நெம்புகோல் முறையில் இயங்குகிறது. உள்ளுறுப்புகள் தடித்தவை, இடைவெளிகள் பெரியவை. அதனால் மெல்லிய தகட்டுப் பூட்டைப் போலத் தூசிக்கு எளிதில் மசிவதில்லை. தூசியில் உழைப்பதைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே முதலிடம். சிக்கல் பூட்டில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு கொண்ட கதவில் நாதாங்கியை ரிவெட் அடித்து மாட்டினால், பூட்டு நிற்கும், தகடு கிழியும். மரப் பெட்டியோ கனத்த இரும்புப் பெட்டியோ வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் திண்டுக்கல் பூட்டை வாங்கலாம்.

மெல்லிய தகரப் பெட்டிக்காரர்களுக்கு நல்ல கேம் லாக்தான் பொருத்தம். அதிலும் இரண்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று, சாவித் துளைக்குத் தூசி மூடி. அமெரிக்காவில் குடியிருப்புத் தபால் பெட்டிகளுக்கென அந்நாட்டு அஞ்சல் துறை வகுத்த தரத்தில் விற்கும் பூட்டுகளில், துளைக்குள்ளேயே ஒரு சிறு மூடி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படிக் கிடைக்காவிட்டால், துளைக்கு மேல் நகரும் மூடியுள்ள ரகத்தைக் கேட்கலாம். மற்றொன்று, பூட்டிய நிலையில் மட்டுமே சாவி வெளியே வரும் ரகம். கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியை உருவிக்கொண்டு போகவே முடியாது.

மாட்டி முடித்ததும் பூட்டின் முகத்திலோ சாவியிலோ பொறித்துள்ள எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சாவியும் தொலைந்தால், அந்த எண்ணைக் கொண்டு மாற்றுச் சாவி பெற வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் துளையிட்டுத்தான் உடைக்க வேண்டியிருக்கும். வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள், பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல், பால் காய்ச்சும் வாரத்திலேயே பெட்டிப் பூட்டை மாற்றிவிடலாம்.