யாருடைய எந்நேரம்?

'எந்நேரமும், எங்கிருந்தும் கற்கலாம்.' நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மின்னஞ்சலில் இந்த வரி தவறாமல் இருக்கும். கீழே ஒரு படம். சிரித்தபடி ஒரு பெண், மடியில் லேப்டாப், பக்கத்தில் காபிக் கோப்பை, பின்னால் வெள்ளைச் சுவர். அந்த வீட்டில் சிங்க் இருப்பதாகத் தெரியாது. கேஸ் சிலிண்டர் வந்ததென்று யாரும் கதவைத் தட்டப்போவதில்லை.

நான் அந்தப் பாடங்களைப் படித்தது அடுப்பு மேடையில். உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, இந்தப் பக்கம் தோசை வார்ப்பேன். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் கற்றிருக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. தவறினால் ஆண்டு மதிப்பீட்டில் அதுவும் ஒரு குறையாகச் சேரும். அலுவலக நேரத்தில் படிக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "யார் வேண்டாம்னு சொன்னா? வேலை முடிஞ்சா தாராளமா படிங்க" என்றார். வேலை முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மத்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடங்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'எந்நேரமும்' என்ற சொல்லை மறுபடி வாசித்துப் பாருங்கள். அது யாருடைய நேரம்? அலுவலகத்தில் நடக்க வேண்டிய பயிற்சி வீட்டுக்கு வந்துவிட்டது. வரும்போது சம்பளத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது.

இப்படிச் சொல்வதோடு இந்தக் கட்டுரையை முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அது பாதி உண்மைதான்.

கிளவுட் என்பதற்குத் தமிழில் மேகக் கணிமை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். ஏதோ ஆகாயத்தில் மிதப்பதுபோல் தோன்றும். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் தரவு மையங்களைப் பார்த்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும். பெரிய கட்டடம், வரிசை வரிசையாக கம்ப்யூட்டர்கள், ஓயாத குளிர்சாதனம், வாசலில் காவலாளி. அமேசான் 2006இல் தன்னிடமிருந்த கம்ப்யூட்டர் வசதியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியதும், மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதற்கு முன்பு சர்வர் வேலை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு சர்வருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அது பூட்டிய அறையில் இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண். பராமரிப்பு நடப்பதோ நள்ளிரவில். இரவு ஒரு மணிக்கு அந்த அறையில் நிற்க எந்த வீடு நம்மை அனுப்பியது?

கிளவுட் அந்தச் சாவியைத் தேவையில்லாமல் ஆக்கியது. பிரசவ விடுப்பில் இருந்த என் தோழி ஒருத்தி, குழந்தை தூங்கும் நேரங்களில் நெட்வொர்க் அமைப்பதையும் தரவுத்தளம் நிறுவுவதையும் தானாகவே செய்து பழகினாள். தப்பு செய்தால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். முகம் சுளிக்கவோ 'இதெல்லாம் உனக்கெதுக்கும்மா' என்று கேட்கவோ ஆளில்லை. 26 வார விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது வேறு வேலைக்குத் தகுதி பெற்றிருந்தாள். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஒரு சின்னத் தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத் திறக்க ஒரு வங்கி அட்டை கேட்டார்கள். அட்டை கணவருடையது. ஓடிபி அவர் போனுக்குப் போனது. இரண்டாவது மாதம் ஒரு மெஷினை நிறுத்த மறந்துவிட்டாள். ஆயிரத்துச் சொச்சம் பில் வந்தது. பூட்டிய அறையின் சாவி ஒழிந்தது, ஆனால் 'எதுக்கு இந்தக் காசு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலையிடத்தில் கற்பது பற்றிப் பேசும் கல்வியாளர்கள் அடிக்கடி நினைவுகூரும் புத்தகம் ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் எழுதிய 'சிச்சுவேட்டட் லேர்னிங்'. மெக்சிகோவின் யுகடான் பகுதி மாயா மருத்துவச்சிகள் அதில் வருகிறார்கள். அங்கே யாரும் வகுப்பு எடுப்பதில்லை. மருத்துவச்சி வீட்டில் வளரும் பெண் குழந்தை, அம்மாவோடும் பாட்டியோடும் பிரசவ வீடுகளுக்குப் போய், எடுபிடி வேலை செய்து, பேச்சைக் கேட்டுக் கேட்டே தொழிலுக்குள் வந்துவிடுகிறாள். நம் ஊர் மருத்துவச்சிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. இந்த உதாரணத்தைக் காட்டி, 'திரை வேண்டாம், பக்கத்தில் இருந்து கற்பதே சிறந்தது' என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதே புத்தகத்தில் வரும் இறைச்சி வெட்டுபவர்களையும் பார்க்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களைப் பொட்டலம் கட்டும் மெஷின் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். தேர்ந்தவர்கள் வெட்டுவது அந்த இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. ஒரே கடைக்குள், சில அடி தூரத்தில் இருந்தும் கற்க முடியவில்லை.

பெண்களுக்கு வேலையிடம் பெரும்பாலும் அந்தப் பொட்டலம் கட்டும் மூலைதான். ஐ.டி. வேலையில் நிஜமான பாடம் எங்கே நடக்கிறது? டீக்கடையில், சிகரெட் இடைவேளையில், வெள்ளிக்கிழமை இரவுப் பார்ட்டியில். எந்த சர்வர் எப்போது மக்கர் பண்ணும், எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த வேலை வரப்போகிறது, யாரைக் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பவர்களோடு திரிந்து எழுதிய நூல் 1996இல் வந்தது. கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசித்தான் தீர்க்கிறார்கள் என்கிறார். அருமையான புத்தகம். அந்தக் கதை பேசும் மேசையில் நாம் உட்கார்ந்திருக்கிறோமா என்பது நம் கேள்வி. அதனால் மேசை ஒழிந்து திரை வந்ததற்காக நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. அந்த மேசையில் எனக்கு நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை.

பிறகு எதில் பிரச்சினை? திரை நம்மைப் பார்க்கும் விதத்தில்.

ஆன்லைன் பாடங்களின் பின்னால் ஸ்கார்ம் என்று ஒரு தொழில்நுட்பத் தரவிதி உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முன்னெடுப்பில் உருவானது. அதில் பரவலாகப் புழங்கிய 1.2 பதிப்பில், ஒரு பாடத்தில் நீங்கள் இருக்கும் நிலையைக் குறிக்க மொத்தம் ஆறு சொற்கள்தான். தேறினார், முடித்தார், தவறினார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவே இல்லை. ஒரு மனுஷி கற்கும்போது நடப்பதெல்லாம் இந்த ஆறு பெட்டிகளுக்குள் அடங்கிவிட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் எழுந்து போனவளும் சலித்துப்போய் மூடியவளும் ஒரே பெட்டியில் விழுவார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டே ஓடவிட்ட வீடியோ 'முடித்தார்' பெட்டியில் விழுந்தது. அதிலிருந்து ஒரு வரிகூட இப்போது நினைவில்லை.

2013இல் இதன் அடுத்த தலைமுறையான எக்ஸ்-ஏபிஐ வந்தது. இது எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வாக்கிய அமைப்பில் பதிவு செய்யும். 'இவர் பார்த்தார் இந்த வீடியோவை' என்பதுபோல. வீடியோவை எங்கே நிறுத்தினார், எதைத் திரும்ப ஓட்டினார் என்பதுவரை பதியலாம். வாக்கியத்தில் எழுவாயாக நிற்கிறாள் பெண். ஆனால், அந்த வாக்கியத்தை எழுதுவது அவளில்லை. பெரும்பாலும் அதைப் படிக்கக்கூட அவளுக்கு வாய்ப்பில்லை. மேலாளரின் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளியாகவோ சிவப்புப் புள்ளியாகவோ தெரியும்.

இதை முன்பே கண்டுகொண்டவர் ஒரு பெண். லூசி சச்மன் என்ற மானுடவியலாளர். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, உதவி சொல்லும் நகலெடுப்பு மெஷின் ஒன்றோடு மனிதர்கள் மல்லுக்கட்டுவதைப் படமெடுத்து ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் எழுதினார். பயன்படுத்துபவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், குழம்புகிறார்கள், ஊகிக்கிறார்கள். மெஷினுக்குத் தெரிவதோ எந்த பொத்தானை அழுத்தினார்கள், எந்த மூடியைத் திறந்தார்கள் என்பது மட்டும். அந்தச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துத்தான் அது அடுத்த அறிவுரையைச் சொல்கிறது. இன்றைக்கு நமக்குப் பாடம் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவின் கண்ணில் விழும் தரவு பலமடங்கு பெருகிவிட்டது. அது பார்ப்பதும் துவாரம் வழியாகத்தான்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சி ரேமண்ட் மூவரும் செய்தது. வாடிக்கையாளர் உதவி மையம் ஒன்றின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலானவர்கள் பிலிப்பைன்சில் இருப்பவர்கள். வாடிக்கையாளரோடு அவர்கள் உரையாடும்போதே அடுத்து என்ன சொல்லலாம் என்று மென்பொருள் எடுத்துக்கொடுக்கிறது. மணிக்குத் தீர்த்துவைக்கும் புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் கூடியது. அனுபவசாலிகளுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை.

இதைப் பணியிடக் கற்றலின் பெரும் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் சீக்கிரம் தேறுகிறாள், திட்டு வாங்குவது குறைகிறது. நல்லதுதான். ஆனால், அந்த மென்பொருள் எங்கே கற்றது? தேர்ந்த ஊழியர்களின் உரையாடல்களில்தான். கோபத்தில் கத்தும் ஒருவரை எந்த வார்த்தையில் ஆற்றுவது, எங்கே மன்னிப்புக் கேட்பது, எங்கே கேட்காமல் இருப்பது என்ற பக்குவத்தை யாரோ ஒருத்தி வருடக்கணக்கில் வசவு வாங்கிச் சேர்த்திருக்கிறாள். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டது இதைத்தான். முன்பு மூத்தவள் இளையவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு 'அக்கா' என்ற மரியாதையாவது மிஞ்சும். இப்போது அது நிறுவனத்தின் சொத்து. அந்த உரையாடல்களைத் தந்தவர்களுக்கு அதற்கென்று கூலி இல்லை என்பதை அந்த ஆய்வாளர்களே கவனிக்கிறார்கள். பெண்ணின் சாமர்த்தியத்தை இயல்பு, தாய்மை, பொறுமை என்று சொல்லிச் சொல்லியே கூலி கொடுக்காமல் விட்ட உலகம், அதையே ஒரு மெஷின் செய்தால் தயாரிப்பு என்று விலை வைத்து விற்கிறது.

ஐ.டி. பெண்களைப் பற்றி மட்டும் பேசினால் அது சொகுசுப் புலம்பலாகிவிடும். அங்கன்வாடிப் பணியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. குழந்தையின் எடை, உயரம், வருகை, கொடுத்த உணவு எல்லாவற்றையும் போனில் பதிய வேண்டும். சட்டப்படி இவர்களுக்குச் சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம்தான். ஒரு குழந்தையைத் தூக்கிப் பார்த்தே எடை இறங்கியிருப்பதைச் சொல்லிவிடக்கூடிய பெண்ணுக்கு, திரையில் எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்பது 'பயிற்சி' ஆனது. மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதே ஆண்டு, அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். போன் சூடாகிறது, தொங்கிவிடுகிறது, செயலி மராத்தியில் இல்லை என்பவை அவர்களின் குறைகள். தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள் என்று இவர்களைச் சொன்னால் அது பச்சைப் பொய். கருவியை ஆராய்ந்து, எங்கெல்லாம் பழுது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

பெண்கள் தொழில்நுட்பத்தில் 'பின்தங்கியவர்கள்', அவர்களைத் 'திறன் மேம்படுத்த' வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு எனியாக் ஞாபகம் வரும். 1945இல் அந்தக் கணினியை இயக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பெண்களுக்குக் கையேடு கிடையாது. வரைபடங்களைப் பார்த்து, பொறியாளர்களைக் கேட்டு, தங்களுக்குள் விவாதித்தே நிரல் எழுதக் கற்றார்கள். 1946 பிப்ரவரியில் அது உலகத்துக்கு அறிமுகப்படுத்தப்பட்டபோது அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு நேரம் கொடுத்தார்கள், கற்பதற்காகச் சம்பளமும் கொடுத்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து நமக்கு உப்பு ஜாடி.

நாங்கள் என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் மூன்று பெண்கள், வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை கேன்டீன் மூலையில் சேர்ந்து படிப்பது என்று முடிவெடுத்தோம். ஒருத்தி தன் பெயரிலேயே வங்கி அட்டை வாங்கினாள். கிளவுட் பில்லை மூன்றாகப் பங்கு போட்டோம். வீடியோவை இயல்பான வேகத்தில் பார்த்தோம், புரியாத இடத்தில் நிறுத்திச் சண்டை போட்டோம். அலுவலகக் காலண்டரில் அந்த ஒரு மணி நேரத்துக்குக் 'கிளையன்ட் கால்' என்று பெயர் போட்டு வைத்திருந்தோம். படிப்பு என்று போட்டிருந்தால் யாராவது அந்த நேரத்தில் மீட்டிங் வைத்திருப்பார்கள்.