இரு அளவுகோல்கள்: அச்சுக்கலையின் பரவலும் பொருளியலாரின் விளக்கமும்

ஒரு புதிய கருவி பிறப்பது ஒரு வரலாறு. அது மக்களின் கைகளுக்குப் போய்ச் சேர்வது மற்றொரு வரலாறு. முதலாவதைக் கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் சொல்லிவிடுகின்றன. ஒரு புத்தாக்கம் ஓரிடத்தில் விரைந்தும் வேறோரிடத்தில் தயங்கியும் பரவுவது ஏன் என்னும் இரண்டாவது வினாவைப் பொருளியலார் கையிலெடுத்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. 2025ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் நினைவுப் பரிசு, புத்தாக்கத்தின் வழி நிகழும் வளர்ச்சியை விளக்கியமைக்காக ஜோயல் மோகிர், ஃபிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது, இத்துறை பெற்றுள்ள செல்வாக்கைக் காட்டும்.

நமக்கும் இத்துறைக்கும் தொடர்பில்லை என்று எண்ணுதற்கில்லை. அதில் அடிக்கடி எடுத்தாளப்படும் சான்றுகளுள் ஒன்று நம்மைப் பற்றியதாகும். 1450ஐ ஒட்டி மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் நிறுவிய அச்சுக்கூடம் ஐம்பதே ஆண்டுகளில் ஐரோப்பா எங்கும் பரவிற்று. உதுமானியப் பேரரசின் முஸ்லிம்களோ 1727 வரை அதனைத் தொடவில்லை. இவ்விடைவெளிக்குக் காரணம் யாது? "உலமாக்கள் அச்சை ஹராமாக்கினர், சமுதாயம் பின்தங்கிற்று" என்னும் விடையை மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதனை மேற்கத்தியரின் அவதூறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோரையும் கண்டிருக்கிறோம். இவ்விரண்டும் ஆய்வாகா. பொருளியலார் தரும் விடையை அவர்களது அளவுகோலைக் கொண்டே அளந்து பார்ப்பது இக்கட்டுரையில் நமது நோக்கமாகும்.

மக்காச்சோளம் கற்பித்த பாடம்

இத்துறையின் அடிப்படை நூல்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, ஸ்வி கிரிலிக்கஸ் 1957இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவிய முறையை அவர் ஆராய்ந்தார். மக்காச்சோளம் பயிரான நிலப்பரப்பில் எத்தனை விழுக்காடு புதிய விதைக்கு மாறிற்று என்பதை ஆண்டுவாரியாகக் குறித்தால், தொடக்கத்தில் மெல்ல எழுந்து, நடுவில் விரைந்தேறி, இறுதியில் தணிந்து நிற்கும் ஒரு வளைகோடு கிடைக்கிறது. ஐயோவா மாநிலத்தில் அக்கோடு செங்குத்தாக ஏறிற்று. தெற்கேயுள்ள அலபாமாவில் அது தாமதமாகத் தொடங்கி மெதுவாக ஏறிற்று.

அலபாமா உழவர்கள் பழமைவாதிகள், அறியாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கிரிலிக்கஸ் அவ்வாறு சொல்லவில்லை. ஒட்டு விதை எல்லா மண்ணுக்கும் பொதுவான ஒரே பொருளன்று. ஒவ்வொரு வட்டாரத்தின் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது தனித்தனியே உருவாக்கப்பட வேண்டும். சந்தை பெரிதாயுள்ள இடத்துக்கே விதை நிறுவனங்கள் முதலில் சென்றன. எனவே, ஏற்றதொரு விதை கிடைக்கத் தொடங்கியது எப்போது என்பது ஒரு வினா; கிடைத்தபின் உழவர் அதனை ஏற்ற வேகம் எவ்வளவு என்பது வேறொரு வினா. இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது வேறுபாட்டின் பெரும்பகுதியை இலாபக் கணக்கே விளக்கிவிட்டது. சமூகவியலார் சிலர் இதனை மறுத்து வாதிட்டனர். ஆயினும், தாமதித்தவனை மூடன் என்று கருதாமல், தன் நிலைமைக்கேற்பக் கணக்கிட்டவன் என்று கருதித் தொடங்கும் நெறியை இத்துறை பெற்றது கிரிலிக்கஸிடமிருந்தே எனலாம்.

துப்பாக்கியும் நூலும்

இனி உதுமானியருக்கு வருவோம். மெதின் ஜோஷ்கெல், தாமஸ் மிசெலி, ஜேரட் ரூபின் ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரையும், ரூபின் 2017இல் எழுதிய 'ஆட்சியாளர்கள், சமயம், செல்வம்' என்னும் நூலும் இப்பொருளில் பெரிதும் பேசப்படுவன. பழைய கீழைத்தேயவாதிகளைப் போல, இஸ்லாம் புதுமைக்குப் பகை என்று இவர்கள் எழுதவில்லை என்பதை நாம் நியாயத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளின் மதில்களைத் தகர்த்த பெரும் பீரங்கிகளை வார்த்தவர்கள் புதுமையை வெறுத்திருக்க முடியாது என்பதை இவர்கள் அறிவர். பீரங்கியை ஏற்ற அரசு அச்சுப்பொறியை ஏன் தயங்கிற்று என்பதே இவர்களது வினாவாகும்.

விடையை இவ்வாறு தருகின்றனர். ஆட்சியாளருக்கு வரி வேண்டும். வரி தடையின்றி வர ஆட்சி முறையானது என்னும் ஏற்பு வேண்டும். அவ்வேற்பை உதுமானியருக்கு வழங்கியவர்கள் உலமாக்கள். பீரங்கி அரசின் வலிமையைப் பெருக்கிற்று. உலமாக்களின் நிலையை அது தொடவில்லை. அச்சோ, அறிவைக் கையளிக்கும் அவர்களது தனியுரிமையைக் குலைக்கக்கூடியது. ஆகவே அரசு அதனைக் கட்டுப்படுத்திற்று. 18ஆம் நூற்றாண்டில் மாகாணப் பெருந்தலைவர்கள் போன்ற வேறு ஆதரவுகள் கிட்டியபோது கட்டுப்பாடு தளர்ந்தது. வாதம் செம்மையாகக் கட்டப்பட்டதுதான். ஆயின் அதன் அடித்தளம் எத்தகையது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

தடை எங்கே?

இரண்டாம் பாயசீத் 1485இலும் முதலாம் சலீம் 1515இலும் அச்சைத் தடை செய்து ஆணையிட்டனர் என்பது நெடுங்காலமாக நூலுக்கு நூல் எடுத்தெழுதப்பட்டு வரும் செய்தியாகும். கேத்ரின் ஷ்வார்ட்ஸ் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இச்செய்தியின் ஸனதை, அதாவது அறிவிப்புத் தொடரை, பின்னோக்கித் தேடிச் சென்றார். அவ்வாணைகளின் மூலப்படி எதுவும் கிடைக்கவில்லை. தேடல் சென்று முடிந்த இடம், ஆந்த்ரே தெவே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1584இல் எழுதிய ஒரு நூலாகும். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்ட, அயல்நாட்டவர் ஒருவரின் கூற்று அது. ஹதீஸ் கலையில் பயிற்சியுடைய எவரும் இத்தகைய அறிவிப்பைத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் கொள்ளமாட்டார். தடை இருந்ததேயில்லை என்று இதனால் நிறுவப்படவில்லை. இருந்தது என்று உறுதியாகக் கூறுவதற்குச் சான்று போதாது என்பதே இதன் முடிபு.

நமக்கு உறுதியாகக் கிடைப்பவை வேறு செய்திகள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்கள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இஸ்தான்புல்லில் ஹீப்ரு நூல்களை அச்சிட்டனர். 1567இல் ஆர்மீனியரும் 1627இல் கிரேக்கரும் அங்கே அச்சுக்கூடம் அமைத்தனர். ஐரோப்பாவில் அச்சான அரபு நூல்களை வணிகர் கொண்டுவந்து விற்பதற்கு மூன்றாம் முராத் 1588இல் அனுமதி ஆணை வழங்கினார். ரோம் நகரில் 1594இல் அச்சான யூக்ளிட்டின் அரபு நூலில் அவ்வாணையே சேர்த்து அச்சிடப்பட்டுள்ளது.

1727இல் இப்ராஹீம் முத்தஃபரிக்காவுக்கு மூன்றாம் அஹ்மத் அனுமதி அளித்தபோது ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி ஆதரவாக ஃபத்வா வழங்கினார். உலமாக்கள் பலர் பாராட்டுரை எழுதித் தந்தனர். அச்சுப்படிகளைத் திருத்தும் பொறுப்பும் உலமாக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. தஃப்சீர், ஹதீஸ், ஃபிக்ஹு நூல்கள் அவ்வனுமதியில் அடங்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மார்க்க நூல்களைப் பொறுத்தவரை தயக்கம் உண்மையாகவே இருந்தது.

தடை இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், தடை ஒன்றினால் மட்டும் ஒரு புதுமை நின்றுவிடுமா? காப்பியின் வரலாறு இதற்கு விடை சொல்லும். 1511இல் மக்காவில் மம்லூக் அதிகாரி காயிர் பேக் உலமாக்களைக் கூட்டிக் காப்பியைத் தடை செய்வித்தார். அதே நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. 1633இல் நான்காம் முராத் அக்கடைகளைக் கடுந்தண்டனையோடு மூடினார். அவை மீண்டும் திறந்தன. மக்கள் விரும்பிய ஒன்றை ஃபத்வாவாலும் வாளாலும் நிறுத்த இயலவில்லை. அவ்வாறாயின், அச்சு நூலை மக்கள் எவ்வளவு விரும்பினர் என்று கேட்பதே பொருளியலாரின் முதற்கடமையாக இருந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் படியின் கணக்கு

அச்சுத்தொழிலின் இயல்பு யாதெனில், முதற்செலவு பெரிது. அடுத்தடுத்த படிக்கு ஆகும் செலவு சிறிது. ஒரு நூலை ஐந்நூறு படிகள் அச்சிட்டு, அவற்றை வாங்க ஐந்நூறு பேர் இருந்தால்தான் இலாபம். கையெழுத்துப் படியோ கேட்பவர் ஒருவருக்காக ஒன்று எழுதப்படுவது. விற்காமல் தேங்கும் சரக்கு அதில் இல்லை. மேலும் மதரசா மாணவன் கிதாபைத் தன் கையால் எழுதுவது ஓதுவதன் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்த உழைப்புக்குக் கூலி கணக்கிடுவார் யாருமில்லை.

மற்றொன்றும் உண்டு. அன்றைய மாணவன் நாடியது வெறும் ஏடு மட்டுமன்று, நம்பத்தக்க ஏடு. உஸ்தாதின் முன் ஓதிக் காட்டி, மூலத்தோடு முகாபலா செய்து, இஜாஸா பெற்ற படிக்கே மதிப்பிருந்தது. 1530களின் இறுதியில் வெனிஸ் நகரில் பகனினி குடும்பத்தார் அச்சிட்ட குர்ஆன் பிரதி பிழைகள் மலிந்தது. அதில் எஞ்சிய ஒரே படி 1980களில் அந்நகரின் துறவிமடம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அத்தகைய அச்சைக் கண்ட முஸ்லிம் அதனை வாங்க மறுத்திருந்தால், அது புதுமைக்குப் பகையாகாது. தரம் குறைந்த சரக்கை மறுத்ததேயாகும்.

அரபு எழுத்தின் அமைப்பும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஹீப்ரு எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அரபு எழுத்தோ சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறி இணைந்து நடப்பது. இணைப்பெழுத்துகளையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கான அச்சுகள் வார்க்கப்பட வேண்டும். முத்தஃபரிக்கா 1729 முதல் 1742 வரை வெளியிட்டவை 17 தலைப்புகளே. அவர் மறைந்தபோது அச்சிட்ட படிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி விற்காமல் கிடந்ததை, அவரது சொத்துப் பட்டியலைக் கொண்டு ஓர்லின் சபேவ் காட்டியுள்ளார். அனுமதியும் ஃபத்வாவும் கிடைத்த பின்னரும் வாங்குவோர் திரளவில்லை.

இவ்விளக்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 1706இல் அலெப்போவில் அரபுக் கிறித்தவர்கள் அரபு எழுத்திலேயே அச்சிட்டனர். ஆகவே, எழுத்தமைப்பு செலவைக் கூட்டிற்று எனலாமேயன்றி வழியை முற்றாக அடைத்தது எனல் பொருந்தாது.

மண்ணுக்கேற்ற விதை

உண்மையான சோதனை 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. செனஃபெல்டர் 1790களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் கண்டறிந்த கல்லச்சு முறையில் எழுத்துகளை வார்க்க வேண்டியதில்லை; கத்தாத் எழுதிய கையெழுத்தே கல்லிலிருந்து தாளுக்கு இறங்கிற்று. மூலத்தைச் சுற்றி ஓரங்களில் ஹாஷியா எழுதும் மரபும் அதில் அழியாது நின்றது. முதலீடும் குறைவு. ஈரானில் முன்னரே வந்துவிட்ட வார்ப்பெழுத்து அச்சைப் பின்தள்ளிக் கல்லச்சு பல பத்தாண்டுகள் கோலோச்சிற்று. மொராக்கோவின் ஃபாஸ் நகரில் 1860களில் அது வேரூன்றிற்று. லக்னோவில் 1858இல் முன்ஷி நவல் கிஷோர் என்னும் இந்துப் பெருமகனார் தொடங்கிய அச்சகம் குர்ஆனையும் கல்லச்சில் வெளியிட்டது. முஸ்லிம்கள் விரும்பி வாங்கினர். நம் முன்னோரின் அரபுத்தமிழ்க் கிதாபுகள் பலவும் கல்லச்சிலேயே வெளிவந்தன. அதே மார்க்கம், அதே உலமாக்கள். வந்த விதை மட்டும் வேறு. அலபாமாவின் கதையை இங்கே காண்பார்க்குக் கடினமில்லை.

தமிழின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் இயங்கிற்று. ஆயினும் 1835ஆம் ஆண்டுச் சட்டம் உரிமக் கட்டுப்பாட்டை நீக்கிய பின்னரே இந்நாட்டவரின் அச்சகங்கள் பெருகின. ஏட்டுச்சுவடி அதற்குப் பின்னும் வழங்கிற்று. இருநூற்றைம்பது ஆண்டுத் தாமதத்துக்குத் தமிழ்ப் புலவரின் சமயமே காரணம் என்று எவரும் நூல் எழுதவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

பொருளியலாரை முற்றாகத் தள்ளிவிடுவது நம் கருத்தன்று. ஜெரமையா டிட்மர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 15ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடம் பெற்ற ஐரோப்பிய நகரங்கள் அடுத்த நூற்றாண்டில் ஒத்த பிற நகரங்களைவிட 60 விழுக்காடு மிகுதியாக வளர்ந்தன. எனவே தாமதம் இழப்பையே தந்தது. அதனைப் பெருமையாகப் பேச நமக்கு உரிமையில்லை. ஆட்சியாளரும் அறிஞரும் ஒருவரையொருவர் தாங்கி நின்றபோது புதிய வாயில்கள் திறக்கத் தாமதமாகும் என்னும் ரூபினின் எச்சரிக்கையும் செவிகொள்ளத்தக்கதே.

நமது குறை ஒன்றே. அலபாமாவின் உழவனைக் காணும்போது அவனுக்குக் கிடைத்த விதை யாது, விலை யாது என்று கேட்கும் அறிவுத்துறை, இஸ்தான்புல்லின் மாணவனைக் காணும்போது அவனைத் தடுத்தவர் யார் என்று மட்டும் கேட்கிறது. தடுத்தவரைத் தேடும் அவசரத்தில், சான்றில்லாத ஆணை ஒன்று சான்றாகிவிடுகிறது. அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்பது கடைத்தெருவுக்கு மட்டும் உரிய கட்டளையன்று.

அவ்வளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். இன்று ஒரு புதிய கருவி வரும்போது, "இது கூடுமா, கூடாதா" என்னும் வினாவோடு நம் சபைகள் நின்றுவிடுகின்றன. இக்கருவி நம் மாணவருக்கு ஏற்ற வடிவில் வந்துள்ளதா, பிழையின்றி உள்ளதா, இல்லையெனில் அதனை ஏற்றதாக்குவார் யார் என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை. அரபு எழுத்துக்கேற்ற கல்லச்சை ஆக்கித் தந்தவர் ஒரு ஜெர்மானியர். அதற்காக நாம் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருந்தோம். நம் மண்ணுக்குரிய விதையை நாமே உருவாக்க முற்படாமை ஏன் என்பது, தடையாணைகளைப் பற்றிய வழக்கைவிடக் கடினமான வினா. அதற்கு விடை தேடுவது நம் கடமையாகும்.