ஜெனோவா நாடகத்தில் கற்பும் பதிவிரதமும்

மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த கொச்சிக் கடலோரத்தில் இலத்தீன் கிறித்தவர் பேணிவரும் கூத்து சவிட்டுநாடகம். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் உருப்பெற்ற இதன் பழஞ்சுவடிகள் மலையாளம் விரவிய தமிழில் அமைந்தவை. பயிற்றுவிக்கும் ஆசானை ‘அண்ணாவி’ என்பதும், இக்கலையின் தொடக்கத்தைச் சின்னத்தம்பி அண்ணாவியோடு இணைத்துக் கூறுவதும் தமிழுறவைக் காட்டும். இம்மரபில் ஆடப்பெறும் ஜெனோவா நாடகத்தின் தலைவியது இயல்பை மொழிபெயர்ப்பில் எச்சொல்லால் உணர்த்துவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கதை ஐரோப்பியத் தொன்மம். சீக்ஃப்ரீடு போருக்குச் செல்கிறான். காவலனாக நிறுத்தப்பட்ட கோலோ அவன் மனைவியை விரும்புகிறான். அவள் மறுக்கவே பழி சுமத்துகிறான். கணவன் அதை நம்பிக் கொலைத்தண்டனை விதிக்கிறான். கொலைஞர் இரங்கி விடுவிக்க, அவள் காட்டில் மகனை வளர்க்கிறாள். வேட்டைக்கு வந்த கணவன் ஆண்டுகள் சில கழித்து அவளைக் காண்கிறான்.

மூவர் உளராயினும் இதில் ஒருவனது இச்சையும் மற்றொருவனது ஐயமுமே உள. ஜெர்மானியரான ஹெபல் 1843இல் வெளியிட்ட நாடகத்தில் கோலோவின் மனப்போராட்டமே நடுவிடம் பெறுகிறது. ஆயினும் கதையின் அச்சு மனைவியின் உறுதியே. சவிட்டுநாடகத்தில் மன்னரும் வீரரும் பலகை அதிர மிதிப்பர். பெண்பாத்திரங்களின் அடவுகளோ மென்மையானவை. எனவே தலைவியின் வலிமை காலடியில் அன்றி, அவள் பாடும் சொல்லிலேயே வெளிப்பட வேண்டும்.

இந்நிலையில் ‘பதிவிரதம்’ என்னும் சொல் பொருந்துமா? அச்சொல் பதியைச் சார்ந்தே பொருள் தருவது. இங்கோ பதியே கொலையாணை பிறப்பித்தவன். அவளைத் தாங்கியது இறைநம்பிக்கை எனினும் அதுவும் அவன் தந்ததன்று. ‘கற்பு’ என்பதை இலக்கணமரபு கல் என்னும் அடியிலிருந்து விளக்கும். தொல்காப்பியக் கற்பியல் மணவாழ்வு முழுவதையும் கூறும். வள்ளுவர் அதனைத் திண்மையாகவே காண்பர். பிற்காலத்தில் இச்சொல்லும் பொருள் குறுகியது உண்மை. ஆயினும், பெண்ணின் உறுதியை அவளுக்கே உரியதாகக் காட்டும் இடம் இதில் இன்னும் உண்டு.

இன்று சவிட்டுநாடகம் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிக் கலையாகவும் விளங்குகிறது. குறுகிய நேரத்தில் போரடவுகள் மேலோங்கவும், பொருள் விளங்காத தமிழ்ப்பாடல்கள் பின்தள்ளப்படவும் கூடும். அவ்வாறாயின் முதலில் மறைவது ஜெனோவாவின் குரலே. ஆதலின் சுவடிகளைப் பதிப்பிப்போரும் பெயர்ப்போரும் ‘கற்பு’ வருமிடத்துப் ‘பதிவிரத’த்தைப் பெய்து நிரப்பாமை நன்று.